நீலச் செருப்புத் துண்டு

ஞாயிறு, இரவு.

செம்பாக்கம் ஏரியில் இன்று ஒரு கூழைக்கடா செத்துப்போனது. தூண்டில் முள் தொண்டையில் இறங்கி, அதன் நைலான் நரம்பு இறக்கையை இறுக்கியிருந்தது. நரம்பின் மறுமுனையில் மிதவை. நீல ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு. என் பழைய செருப்பு. மிதவைக்கு வேண்டும் என்று நண்பன் தினேஷ் கேட்டு வாங்கிப்போனது. ‘அறுந்த நரம்பை ஏரியில் விடாதீர்கள்’ என்று கரையில் பலகை எழுதி வைத்தவனும் அவன்தான்.

துண்டை அவனிடம் நீட்டினேன்.

“ஆகாயத்தாமரைல மாட்டிகிச்சு மச்சான், அறுத்து வுட்டுட்டேன். ஒரு பறவைக்குப் போய் இன்னாத்துக்கு பேஜார் பண்ற?”

“போர்டு எழுதுனது யாருடா?”

“அது மத்தவங்களுக்குடா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இந்த ஊரில் எல்லாப் பலகையும் மற்றவர்களுக்குத்தான்.

பறவையைப் புதைத்த சேறு இன்னும் நகத்தில் இருக்கிறது. அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறான். நான் எடுக்கவில்லை.