பத்திரிகையை மாத்தி அடிங்க

அப்பா,

ஆமா, பார்த்தேன். தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பக்கத்துல 'இன்ஜினியர்'னு போட்டிருக்கீங்க. ரெண்டாம் வருஷமே காலேஜை விட்டு ஓடினவன்பா நான்.

என் விசாவுல 'ஹீட்டிங் மெக்கானிக்'னுதான் இருக்கு. அந்த வேலை தெரியும்னுதான் இந்த நாட்டுக்காரன் என்னைக் கூப்பிட்டான். நேத்து ஒரு வீட்ல ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர் ஜில்லுனு கெடந்துச்சு. உள்ள அடைச்சிருந்த காத்தைத் திறந்து விட்டேன், பத்து நிமிஷத்துல சூடு ஏறிடுச்சு. அந்த வீட்டம்மா ஸ்வெட்டரைக் கழட்டினாங்களே தவிர, நான் என்ன படிச்சேன்னு கேக்கல.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பயப்படுறீங்களா? மாப்பிள்ளைகிட்ட தங்கச்சி எப்பவோ சொல்லிட்டா. "அப்ப நம்ம வீட்டு கீசருக்கு மச்சான் இருக்காரு"ன்னு சிரிச்சாராம்.

மாத்தி அடிங்க. இல்லேன்னா மண்டபத்துக்கு யூனிஃபார்ம்லயே வருவேன், கையில ஸ்பானரோட.

போகணும். ஒரு வீட்ல கைக்குழந்தை குளிர்ல இருக்காம்.

உங்க மெக்கானிக் மகன்