சரசக்கா வாசலும் புது ரோடும்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

காலையில் எதிர்வீட்டுச் சரசக்கா வாசல் தெளித்தார். தண்ணீர் தெருப்பக்கம் ஓடாமல் திரும்பி அவர் வீட்டுக்குள்ளேயே போனது. "பாரு சாமி, தெளிச்ச தண்ணி ஊட்டுக்குள்ளயே வருது" என்று சிரித்துக்கொண்டே விளக்குமாற்றால் தள்ளினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தெருவுக்கு ரோடு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்திய கவுன்சிலர் நான்தான். போன வாரம் போட்டார்கள். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். அக்காவின் வாசல்படி பள்ளத்தில் போய்விட்டது. கண்ணெதிரே நடந்த வேலை. சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டினேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

நகராட்சி ஆபீசில் இன்ஜினியரைப் பிடித்துக் கேட்டேன். "தோண்டிட்டுப் போட்டா நாளாகுங்க மேடம். தீபாவளிக்குள்ள முடிக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார்.

சாயந்திரம் அக்காவிடம், தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் மணல் மூட்டை அடுக்க ஆள் அனுப்புகிறேன் என்றேன். "அதெல்லாம் எதுக்கு சாமி? ரோடு நல்லாத்தான இருக்குது. உன்ற பேரைச் சொல்லும்" என்றார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

இப்போது மழை பிடித்துவிட்டது. அக்கா வீட்டில் லைட் எரிகிறது. வாளியில் மொண்டு வெளியே ஊற்றும் சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டை முன்னமே உயர்த்திக் கட்டிவிட்டோம். எங்களுக்கு ஏறி வரத்தான் படி, அக்காவுக்கு இறங்கிப் போக.

போய்க் கை கொடுக்க வேண்டும். குடை மடியில்தான் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் அக்கா மறுபடி சிரித்துவிடுவாரோ என்று எழுதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.