நீலவால் போன பிறகு

அக்கா, குட்டிகள் பிறந்தபோது கூட இருந்தவர்கள்: நான், பச்சைவால் ஆண் கப்பி மீன், பெண் கப்பிகள் இரண்டு, தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த நத்தை. நீ வேலைக்குப் போயிருந்தாய். அதற்கு நான் என்ன செய்ய?

நீலவாலை மாடிவீட்டுத் தையல்காரரிடம் கொடுத்ததிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. "படிப்பை விட்டே, ராத்திரி வேலையை விட்டே, இப்ப நான் ஆசையா வாங்கின மீனையும் விட்டுட்டியா?" என்றாய். தொட்டி சின்னது. ஆண்கள் இரண்டும் பெண்களை ஓட ஓட விரட்டின. ஒன்று போனதும்தான் பெண்கள் நின்று நிதானமாகத் தின்றன. இப்போது மிதக்கும் செடிக்குள் எட்டிப் பார். கண்ணும் வாலுமாக ஒரு கூட்டமே இருக்கிறது. நான் விட்டவற்றில் இது ஒன்று உருப்பட்டது.

செடியை எடுக்காதே, குட்டிகளைப் பெற்றவளே தின்றுவிடுவாள். தீனி ஒரு சிட்டிகை போதும். உன் சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

இதை எழுதும்போதே தையல்காரர் பையில் ஒரு தங்கமீனோடு வந்து நிற்கிறார். "குட்டிங்களுக்கு ஒரு பெரியப்பா வேணாமா தம்பி?"

"பெரியப்பா வயித்துலதான் எல்லாம் குடியிருக்கும்ண்ணே!"

பின்குறிப்பு: நீலவால் அவர் வீட்டில் நலம். வந்ததும் மேலே போய்ப் பார்க்கலாம், நீ என்னோடு பேசுவதாக இருந்தால்.

இந்த வரிகளை வெளியே நின்று எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். முதலில் அவரையும் தங்கமீனையும் வெளியேற்றினேன். பிறகு நானும் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டிவிட்டேன், சாவியை உள்ளேயே விட்டு.