அடுப்பே வேண்டாம்னு சொன்ன வாழைப்பழப் பை

அன்புள்ள வாலு,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தானே கடிதத்தை ஆரம்பிக்கணும், கேட்டுட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுறியா, அந்தக் குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போறியான்னும் கேட்டுட்டேன். இங்க எல்லாரும் நலம்னு எழுதினா கை கூசும், நலமில்லன்னு எழுதினா நீ பதறிப்போய் வேலையை விட்டுட்டு நிப்பே, அதனால பாதி நலம்னு வச்சுக்கோ. போன் இருக்கும்போது எதுக்கும்மா கடிதம்னு கேட்பே. போன்ல நான் எப்போடி முழுசாப் பேசியிருக்கேன்? நான் வாயைத் திறந்ததும் உனக்கு பஸ் வந்துடும். பஸ் வரலன்னா உங்க அப்பா பக்கத்து அறையிலேர்ந்து செருமுவார், நான் பேச்சை மாத்தணும். எனக்கு இப்போ வயித்தெரிச்சல் தாங்கல, எங்கேயாவது கொட்டியாகணும், உன்கிட்டத்தான் கொட்டப் போறேன், ஏன்னா இதுல பாதி வினை உன்னோடது.

அப்பாவுக்குக் கன்னத்துக் கட்டிக்கு ரேடியேஷன் கொடுத்து முடிச்சு அனுப்பினப்போ, கட்டி கரைஞ்சுடுச்சுன்னு டாக்டர் கை கொடுத்தார், அண்ணன் அழுதான், நீயும் அங்கேயிருந்து அழுதே. எல்லாரும் அழுது முடிச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டீங்க. அதுக்கப்புறம் அவர் சாப்பிடுறாரா இல்லையான்னு தினமும் தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது யாரு? வாய்ப்புண் ஆறிக்கிட்டு வருது, ஆனா நாக்குல ருசி சுத்தமாப் போயிடுச்சு. கஞ்சி வச்சா சுண்ணாம்புத் தண்ணிங்கிறார், முட்டையை வேகவச்சு மசிச்சுக் கொடுத்தா ரப்பர் வாஷர்ங்கிறார், காபி கொடுத்தா துருப்பிடிச்ச குழாய்ல வந்த வெந்நீர்ங்கிறார். பிளம்பர் வேலை பார்த்த மனுஷன், சாப்பாடு இறங்காட்டியும் உவமைக்கு மட்டும் பஞ்சமே இல்ல. பேன்ட் இடுப்புல நிக்கலன்னு பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டுக்கிட்டு, அது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். எடையைப் பார்த்துட்டு டாக்டர் நேராவே சொல்லிட்டார், அடுத்த தடவையும் இறங்கியிருந்தா மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கணும்னு. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் அப்பா, வாழ்நாள் பூரா ஊருக்குக் குழாய் போட்டேன், கடைசியில எனக்கே போடப் போறானுங்க, அதுவும் மூடித் திறக்க ஒரு வால்வு கூட இல்லாமன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

ஆஸ்பத்திரியில சாப்பாட்டு யோசனை சொல்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, மெத்துன்னு, குளுகுளுன்னு, கொழுப்பும் இனிப்பும் சேர்ந்த மாதிரி அவர் எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுங்கன்னாங்க. கேட்டாத்தானே கொடுக்க? எதைச் சொன்னாலும் வேண்டாம்னு தலையை ஆட்டுவார். அப்படியிருந்தவர் ஒரு மத்தியானம் என் முகத்தைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, அந்த வாழைப்பழப் பை இருக்கே, அது வேணா ரெண்டு ஸ்பூன் போகும்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நீ போன தடவை வந்தப்போ செஞ்சு வச்ச அந்த வெளிநாட்டு இனிப்பைத்தான் சொல்றார். அன்னைக்கு என்ன பேச்சு பேசினார், பைன்னா என்னடி, துணிப்பையா பிளாஸ்டிக் பையா, இதைச் செய்யத்தான் படிச்ச படிப்பை விட்டுட்டு ஒரு கேக் கடையில போய் நிக்கிறியான்னு. நீயும் சும்மா இருந்தியா, நீங்க அடுத்தவங்க வீட்டுச் சாக்கடையில கை விட்டதை விட இது மேல்னு பதிலுக்குப் போட்டே. அதோட ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுது. அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போகூட நீ என்கிட்டத்தான் விசாரிச்சே, அவரும் என்கிட்டத்தான் அவ சாப்பிட்டாளான்னு கேட்டார். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி நான், சம்பளமும் கிடையாது லீவும் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்றேன், அன்னைக்கு நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினப்புறம் மிச்சமிருந்த பையைத் தட்டோட வழிச்சுத் தின்னது அண்ணன் இல்ல.

சரின்னு உன்கிட்டக் கேட்டேன், நீ நடந்துக்கிட்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினே. காத்துச் சத்தம் பாதி, உன் சிரிப்பு பாதி, நடுவுல எனக்குக் கிடைச்சது இவ்வளவுதான், அம்மா ரொம்ப ஈஸி, அடுப்பே வேண்டாம், பிஸ்கட்டை நொறுக்கி வெண்ணெய்ல பிசைஞ்சு தட்டுல அழுத்து, மேல டாஃபியை ஊத்து, வாழைப்பழத்தை அடுக்கு, க்ரீமை அடிச்சுப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வை, முடிஞ்சுது. அடுப்பே வேண்டாம்னு சொன்ன மகராசி, டாஃபியை வெயில்லயா காய்ச்சுறது? வெண்ணெய் எவ்வளவுன்னு கேட்டா கொஞ்சம்ங்கிறே, எவ்வளவு நேரம் கிளறணும்னா பதம் வர்ற வரைக்கும்ங்கிறே. நான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவ. கிளட்சைக் கொஞ்சம் விடுங்க, பதமா பிரேக் போடுங்கன்னு நான் சொல்லிக்கொடுத்தா, என்கிட்ட வந்தவங்க எல்லாம் இந்நேரம் எந்தச் சுவத்துல சொருகியிருப்பாங்க? பிஸ்கட்டைக் கவர்ல போட்டு டம்ளர் அடியால குத்தினேன், கவர் கிழிஞ்சு பாதி தரைக்குப் போச்சு. சர்க்கரையும் வெண்ணெயும் டின் பாலும் சேர்த்து அடுப்புல ஏத்திக் கிளறிக்கிட்டிருக்கும்போதே வண்டி கத்துக்கிற பொண்ணு ஒருத்தி போன் பண்ணினா, நாளைக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருவீங்களான்னு. தர்றேம்மான்னு சொல்லி வைக்கிறதுக்குள்ள அடி பிடிச்சுக் கருகி, வாசனை படிக்கட்டு வரைக்கும் போயிடுச்சு. ஆறினப்புறம் கல்லு. அப்பா ஸ்பூனால தட்டிப் பார்த்துட்டு, இதை ஓட்டைத் தொட்டியில அப்பினா ஜென்மத்துக்கும் ஒழுகாதுன்னார்.

மறுபடி செஞ்சேன். இந்தத் தடவை கருகிடுமோன்னு பயந்து சீக்கிரம் இறக்கினேன், டாஃபி தண்ணியா ஓடுது, பிஸ்கட் அதுல மிதக்குது, முன்னாடியே நறுக்கி வச்ச வாழைப்பழம் கறுத்துப்போய்ப் பார்க்கவே சகிக்கல. மேல்வீட்டு டீச்சர் க்ரீம் அடிக்கிற மிஷினைக் கொண்டுவந்து கொடுத்தாங்க, கொடுத்துட்டுப் போகாம பக்கத்துலயே நின்னு இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சொல்லிச் சொல்லி, அது திரிஞ்சு கட்டி கட்டியா வெண்ணெயாகிடுச்சு. அட முன்னாடியே நிறுத்தியிருக்கணும்னு அவங்களே சொல்லிட்டு மிஷினைத் துடைச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இதுக்கு நடுவுல உங்க அண்ணன், ஏம்மா இந்தப் பாடு படுறே, கடையில விக்குதுன்னு அழகா ஒரு டப்பாவுல வாங்கிட்டு வந்தான். மேல முந்திரிப்பருப்பைப் பொடிச்சுத் தூவியிருக்கான் கடைக்காரன், அதை யாரும் கவனிக்கல. அப்பா ஆசையா வாயில வச்சதும் அது ஆறாத இடத்துல குத்தி ரத்தம் வந்துடுச்சு. தட்டைத் தள்ளிவிட்டு, எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பார்க்கிறீங்களான்னார். நானும் பொறுக்காம, சாப்பிடாம கிடந்து நீங்கதான் எங்களைக் கொல்றீங்கன்னு கத்திட்டேன். அண்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நான் கீழே போய் வண்டியில உட்கார்ந்தேன், ஓட்டுறவங்க சீட்ல இல்ல, நான் எப்பவும் உட்கார்ற சீட்ல. கத்துக்கொடுக்கிற வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதி மிதின்னு மிதிச்சேன். நிக்கிற வண்டிக்கு எதுக்கு பிரேக், ஆனா வேற எதை மிதிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நடந்து போன ஒருத்தர் குனிஞ்சு பார்த்து, என்னம்மா வண்டி ஸ்டார்ட் ஆகலையான்னு கேட்டார். ஆகலைங்கன்னு சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு.

மேல வந்து பார்த்தா அப்பா சமையலறையில மேடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அந்தக் கருகின பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டிருக்கார். என்னைப் பார்த்ததும், பிஸ்கட்டை நீ நொறுக்கு, கிளறுறது என் வேலைன்னார். விழுந்து வச்சா யாரு தூக்குறதுன்னு சத்தம் போட்டுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அடுப்பு முன்னாடி உட்கார்ந்து கிளற ஆரம்பிச்சார். தீயைக் கூட்டலாம்னு நான் கையை நீட்டினா கரண்டிக் காம்பால கையில தட்டுறார். வெள்ளையா இருந்தது மெல்ல மஞ்சளாச்சு, மஞ்சள் தேன் நிறமாச்சு, ஒரு கை ஓஞ்சா இன்னொரு கைக்கு மாத்திக்கிறார், என்கிட்டக் கொடுங்கன்னா கொடுக்க மாட்டேங்கிறார். அந்தக் கை எவ்வளவு இளைச்சுப் போச்சுன்னு நான் அப்போதான் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், வாட்ச் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குது. அவரே பார்த்து அடுப்பை அணைச்சார். எல்லாத்தையும் அடுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சதும், உறைஞ்சிடுச்சா உறைஞ்சிடுச்சான்னு அவர் திறந்து திறந்து பார்த்தா அது எங்கேயிருந்து உறையும், சொன்னா கேட்டாத்தானே. கடைசியில வெட்டினேன். அடி பொலபொலன்னு உதிர்ந்து, டாஃபி ஒரு பக்கம் சரிஞ்சு, பழம் வழுக்கிக்கிட்டு ஓடி, க்ரீம் மட்டும் தனியா நிக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துல கத்தியைத் தூக்கி சிங்க்ல எறிஞ்சேன். அப்பா எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல வழிச்சுப் போட்டுக்கிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சார். எப்படி இருக்குன்னு கேட்டேன். இனிப்பு தெரியல, பழமும் தெரியல, ஆனா குளுகுளுன்னு இருக்கு, தொண்டையில நிக்காம இறங்குதுன்னார். அது போதும்னு நான் மேடையைத் துடைக்கத் திரும்பினேன். பின்னாலேர்ந்து, உப்பு போட்டியான்னு ஒரு கேள்வி. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம், போட்டேன், வெண்ணெய்லயே உப்பு இருக்கிறதைப் பார்க்காம மேல ஒரு சிட்டிகையும் போட்டுத் தொலைச்சேன், இப்போ அதுக்கும் ஒரு குறையான்னு கத்தினேன். அவர் கத்தல. இல்ல, உப்பு தெரியுதுன்னார். எனக்குப் புரியல. தெரியுதுங்கிறேன், உப்பு தெரியுதுன்னு இன்னொரு தடவை சொல்லிட்டு, அடுத்த ஸ்பூனைக் கண்ணை மூடி வாயிலேயே வச்சிருந்து, ஆமான்னு தலையை ஆட்டினார். நான் குழாயைத் திறந்துவிட்டு, அந்தக் கத்தியைத் தவிர கழுவ ஒண்ணுமே இல்லாத சிங்க்ல ரொம்ப நேரம் அதையே கழுவிக்கிட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் எடை பார்த்தோம். ஏறல, ஆனா இறங்கவும் இல்ல, குழாயைத் தள்ளிப்போடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மத்த ருசி எல்லாம் ஒவ்வொண்ணா வரும், வராமலும் போகலாம், அவசரப்படாதீங்கன்னு அந்த யோசனை சொல்ற அம்மா சொன்னாங்க. அண்ணன் கோபம் தணிஞ்சு வந்து அடி கனமா ஒரு பாத்திரம் வாங்கிக் கொடுத்திருக்கான். இப்போ வீட்டுல ஓயாம இதே பை, எனக்கு அந்த வாசனையே குமட்டுது. இன்னும் அந்த பிஸ்கட் அடி உதிராம நிக்கல. ஒவ்வொரு தடவையும் சரிஞ்சதும் அப்பா என்னைப் பார்த்து, அவ செஞ்சது நின்னுதே, என்ன போடுறான்னு கேளுங்கிறார். நான் கேட்க மாட்டேன்னுட்டேன், தபால்காரி வேலைக்கு ராஜினாமா கொடுத்தாச்சு, வேணும்னா நீங்களே கேளுங்கன்னேன். போனை எடுத்தார், உன் பேரைத் தேடிப் பிடிச்சார், பார்த்துக்கிட்டே இருந்துட்டுக் கவுத்து வச்சுட்டார். நீயும் லேசுப்பட்டவ இல்ல, அப்பாகிட்டப் பேசுடின்னா உனக்கும் அப்போதான் பஸ் வருது. ரெண்டு பேரும் ஒரே அச்சு, நடுவுல கிடந்து நசுங்குறது நான். இதை நல்லாக் கேட்டுக்கோ, ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு வண்டி வகுப்பு இருக்கு, நான் வீட்டுல இருக்க மாட்டேன். அப்போ அவர் போனுக்கே கூப்பிடு. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்காதே, அதைக் கேட்டாலே எரிஞ்சு விழுவார். அழுது வைக்காதே. பிஸ்கட் அடிக்கு எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு நேரம் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு மட்டும் சொல்லு, கொஞ்சம்னு சொன்னே, நேர்ல வந்து உதைப்பேன். அவர் ஏதாவது குத்திப் பேசினா நீ ஒரு தடவை வாயை மூடிக்கோ, ஒரே ஒரு தடவை.

எழுதி முடிக்கிற நேரம் அப்பா வந்து பக்கத்துல நின்னார். கடைசியில ரெண்டு வரி எழுதுங்கன்னு பேனாவை நீட்டினேன், எனக்கு எழுத என்ன இருக்குன்னுட்டார். சரி போங்கன்னு சொல்லிட்டு உன் விலாசச் சீட்டைத் தேடினேன், எங்க வச்சேன்னு தெரியல, அலமாரியைக் கவுத்துக் கொட்டிட்டுத் திரும்பிப் பார்த்தா அவர் கவரை எழுதி முடிச்சிருக்கார். வீட்டு நம்பர், என் வாயில இன்னும் நுழையாத அந்தத் தெருப் பேர், கடைசியில வர்ற எண் வரைக்கும், ஒரு எழுத்து பிசகல. எதைப் பார்த்து எழுதினீங்கன்னு கேட்டா, இதுல பார்க்க என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துக்கிட்டார். இந்த மனுஷனை நான் என்னடி பண்றது? கிழிச்சுப் போட்டிருந்தா கவரை எடுத்து ஒட்டிப் பாரு, அது அவர் எழுத்து.

கை கால் நோகாம, மனசு வாடாம நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறே, மெத்துன்னு ஒரு செருப்பு வாங்கிப் போட்டுக்கோ. ஞாயித்துக்கிழமையை மறந்துடாதே.

உங்க ரெண்டு பேர் மேலயும் கோபம் ஆறாத,
அம்மா