பத்து மணி லாரியும் வல்லுநராட்சியும்

மே 4, திங்கள்
தெருச் சங்கக் கூட்டம். துறைமுகத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற அருள்நாதன் சார் ஒரு வார்த்தை சொன்னார்: டெக்னோகிரசி. விஷயம் தெரிந்தவர்கள் ஆள்வதாம். இதுவரை எங்கள் ராயபுரம் தெருவின் தண்ணீர் லாரியை ஆண்டவர் மீன் விற்கிற சிலுவையம்மாள். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்று அவர் வைத்ததே சட்டம். படிப்பு மூன்றாம் வகுப்பு. இனி வல்லுநர் குழு ஆளும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதுகிறவன் என்பதால் நான் மொழி வல்லுநர். ஆதரவாகக் கை தூக்கும்போது சிலுவையம்மாள் பக்கம் பார்க்கவில்லை.

மே 5
முதல் பணி, அந்த வார்த்தைக்குத் தமிழ். வல்லுநராட்சி என்று வைத்தேன். கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஹில்டா கேட்டாள்: "கல்யாணம் ஆயி இருபது வருசத்துல ஒரு கொடம் தண்ணி புட்ச்சிகீறியா நீ?"
மனைவிமார்களுக்கு அரசியல் புரியாது.

மே 8
கணினி வல்லுநர் நெல்சன், போன மாதம் லாரி வந்த நேரங்களைக் கூட்டி வகுத்தார். (நேரங்கள் எல்லாம் சிலுவையம்மாளிடம் கேட்டு வாங்கியவை.) சில நாள் காலை ஆறு, சில நாள் மதியம் இரண்டு. சராசரி பத்து. ஆகவே லாரி பத்து மணிக்கு வரும். அதுவரை தெருவில் குடம் வைக்கக் கூடாது, இடைஞ்சல்.
கூட்டத்தில் சிலுவையம்மாள் எழுந்தார். "சார், கொடத்த பாத்துதான் டிரைவர் வண்டிய நிறுத்துவான். கொடம் இல்லேன்னா போய்கினே இருப்பான்."
"கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றார் அருள்நாதன் சார். பதிவு செய்தவன் நான். எழுத்துப்பிழை இல்லை.

மே 11, திங்கள்
லாரி ஆறரைக்கு வந்ததாம். தெரு சுத்தமாக இருந்ததால் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. பத்து மணிக்குக் குடத்தோடு நின்றோம். சொன்னபடி பத்து மணி மட்டும் வந்தது.

மே 12
இன்றும்.

மே 13
மூன்றாவது நாள். வார்த்தை மட்டும் நன்றாகப் பரவிவிட்டது. எதிர்வீட்டு சுஜா புருஷனைத் திட்டுகிறாள்: "உனுக்கும் தெரியாது, சொன்னாலும் கேக்க மாட்ட. இன்னாய்யா, டெக்னோகிரசி பண்ணிகினு கீறியா?" இதைவிடத் தெளிவான பொருள் எந்த அகராதியில் இருக்கும்?
ஹில்டா அழுக்குத் துணியை என் மேல் போட்டாள். "போயி அந்தக்கா கால்ல வுழு."
போனேன். சிலுவையம்மாள் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னிக்கு கைய தூக்குனது தப்புதான்."
நிமிரவில்லை. "அதே கையில கொடத்த தூக்கினு வா, நைனா. காலீல ஆறு மணிக்கு."

மே 14, வியாழன்
நாற்பது குடம். கடைசிக் குடம் என்னுடையது. அதற்கு முன்னால் அருள்நாதன் சார், கையில் டைரியோடு.
"லாரி எத்தனை மணிக்கும்மா வரும்?"
"வர்றப்ப வரும், சார்."
குறித்துக்கொண்டார்.