சொல்யூஷன் தடவிய பைப்

8 ஆகஸ்ட் 2024, வியாழன்

காலையில் எழுந்ததும் முதலில் வேனின் டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. இந்த வேனுக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டு போகிற ரப்பர் ஹோஸ் மறுபடி பிளந்திருக்கிறது. போன வாரம் சுற்றிய கறுப்பு டேப் உரிந்து தொங்குகிறது. மூன்று மெக்கானிக், மூன்று முறை டேப். தூசியும் கணக்கில்லாத காற்றும் உள்ளே போய், வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறது.

என்னோடு இந்த வேனில் ஷூ ஃபேக்டரிக்கு வரும் ஆறு பெண்களுக்கும் போன் செய்து பஸ்ஸில் போகச் சொன்னேன். ஐந்து பேர் ஆம்பூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாக்யலட்சுமி வரவில்லை. அவள் வேலைக்கு வருவதே மாமியார் தனகோடி அம்மாளின் ஒரு நிபந்தனையின் பேரில்தான். "மெர்சி வேன்ல போறதுன்னா போ. பஸ்ல தொங்கிக்கினு போறதுன்னா ஊட்லயே தார் சுத்து." குடியாத்தத்தில் அவர்கள் வீட்டில் நான்கு பவர்லூம். லுங்கி நெய்யத் தார்க் குச்சியில் நூல் சுற்ற எப்போதும் ஆள் பற்றாது.

இருபதாம் தேதி அவளுக்குச் சாம்பிள் பிரிவில் டெஸ்ட். புது மாடல் ஷூவின் முதல் ஜோடியைத் தைக்கிற இடம் அது. எங்கள் ஃபேக்டரியில் எண்ணூறு பெண்கள் தைக்கிறார்கள், அங்கே ஒன்பது பேர். பதினாறு வருஷமாகக் குவாலிட்டியில் தையல் பார்க்கிறேன். இவள் கையைப் போல இரண்டு மூன்றுதான் பார்த்திருக்கிறேன். ஒரு ஹோஸுக்காக இது போகக் கூடாது.

9 ஆகஸ்ட், வெள்ளி

பாக்யாவின் மெஷினில் இன்று வேறு பெண்.

10 ஆகஸ்ட், சனி

சத்தார் பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கம்பெனி ஹோஸ் இப்போது வருவதில்லையாம்.

"அது நின்னு வருஷக் கணக்காவுது தங்கச்சி. இது வெளி ஐட்டம். அலுமினிய பைப்பு, ரெண்டு பக்கமும் ரப்பர் ஜாயின்ட்டு, கிளாம்ப்பு. ஒழுங்கா மாட்னா வண்டி இருக்கற வரைக்கும் இருக்கும்."

"நானே மாட்டலாமா பாய்?"

"ஏன், உங்களுக்குக் கை இல்லியா? டேப் சுத்தறவனுக்கு நீங்க எவ்ளோவோ மேல். ஆனா குத்துமதிப்பா முறுக்காதீங்க. டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க."

ஃபேக்டரி மெயின்டனன்ஸில் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்தேன். தேவையான அளவு முறுக்கியதும் 'டிக்' என்று சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் இன்பராஜ் அதைக் கையில் எடுத்துத் தராசு மாதிரி தூக்கிப் பார்த்தார். "எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு கடைசில என்னக் கூப்புடாத மெர்சி."

கூப்பிட மாட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. "நான் உன் வண்டிக்கும் சேத்து ஜெபம் பண்றேன்" என்று சிரித்துக்கொண்டே இன்பராஜ் போனார்.

பேட்டரி வயரை முதலில் கழற்றினேன். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு போட்டோ. கழற்றிய போல்ட்டுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வரிசைப்படி வைத்தேன். பழைய ஹோஸ் வந்ததும் இன்ஜின் வாயில் சுத்தமான துணியை அடைத்தேன். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கதை முடிந்தது.

புதுப் பைப் ஃபில்டர் பக்கம் ஒழுங்காக உட்கார்ந்தது. இன்ஜின் பக்கம் உட்காரவில்லை. ரெஞ்ச் 'டிக்' சொன்ன பிறகும் ரப்பர் ஜாயின்ட் கையோடு சுற்றியது. கழற்றி மாட்டினேன், மறுபடியும் கழற்றி மாட்டினேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. சர்ச் விடுகிற நேரம்.

அலமாரியில் ஃபேக்டரி சொல்யூஷன் ஒரு சின்ன டப்பா இருந்தது. ஷூவுக்குச் சோல் ஒட்டுகிற பசை. எங்கள் ஊரில் செருப்பிலிருந்து குழந்தைகளின் பொம்மை வரை எது விட்டுப்போனாலும் அதுதான். ஒரு கோட் தடவி, காயவிட்டு, அழுத்தி, கிளாம்பை முறுக்கினேன். இரண்டு கையால் இழுத்தேன். அசையவில்லை.

முதல் சாவியிலேயே ஸ்டார்ட். இருமலே இல்லை!

இன்பராஜ் பைபிளைக் கக்கத்தில் வைத்தபடி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பரவால்லியே."

பாக்யாவுக்குப் போன் செய்தேன். "நெஜமாவாக்கா? நீங்களேவா?" என்று நான்கு தடவை கேட்டாள்.

12 ஆகஸ்ட், திங்கள்

மாதனூர் தாண்டி ஹைவேயில் வேன் நின்றுவிட்டது. வேகம் குறைத்தால் அணைகிறது, ஆக்சிலேட்டர் ஒட்டிக்கொள்கிறது. ஆறு பெண்களும் நானும் முக்கால் மணி நேரம் ரோட்டோரம். லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின.

"இன்னாக்கா, புதுப் பைப்புக்குப் பழைய டேப்பே தேவலாம் போலக்கீது" என்றாள் சுந்தரி. அவள் வாய்க்கு லைனில் யாரும் தப்ப முடியாது.

"பைப் சரியில்ல போல" என்றேன். அதுதான் வாயில் வந்தது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"பாய் டூப்ளிகேட்டத் தள்ளி உட்டுட்டாரு" என்றாள் அவள்.

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். எல்லாருக்கும் அரைநாள் போனது.

சாயங்காலம் தனகோடி அம்மாள் போன் செய்தார். பஸ்ஸில் போன யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "பொம்பளப் புள்ளைங்கள நடு ரோட்ல நிக்க வெச்சிட்டியேம்மா. போதும். அவ இனிமே வரல." வைத்துவிட்டார்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

லீவு போட்டேன். நேற்றுக் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியைத் திறந்தேன்.

பைப்புக்கு ஒன்றுமில்லை.

சொல்யூஷன். இன்ஜின் சூட்டில் இளகி, மஞ்சளாக நூல் நூலாக உள்ளே இழுபட்டு, காற்றைத் திறந்து மூடுகிற தகட்டில் அப்பியிருக்கிறது. அறுபத்தைந்து டிகிரியில் அது இளகும். சோல் ஒட்டுகிற லைனில் அந்த மீட்டரைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் நான். அடியே, உனக்கு மூளை எங்க போச்சு? சீட்டுக்கு அடியில இன்ஜின், இதுல சொல்யூஷனத் தடவிக்கினு!

பைப் வந்த பெட்டியில் ஒரு தாள் இருந்தது. படம் போட்டே காட்டியிருக்கிறான், எந்தப் பசையும் தடவாதே என்று. இன்ஜின் வாயைச் சுற்றி ஒரு மேடான விளிம்பு இருக்கிறது. ரப்பர் அதைத் தாண்டிப் போக வேண்டும், கிளாம்ப் அதற்குப் பின்னால் உட்கார வேண்டும். நான் விளிம்பின் மேலேயே முறுக்கியிருக்கிறேன். தாளைப் படிக்கவில்லை.

நாள் முழுக்கத் தேய்த்தேன். தின்னர், பழைய டூத் பிரஷ், துணி. தகடு பளிச்சென்று வந்துவிட்டது.

இன்பராஜ் ஷிஃப்ட் முடிந்து வந்தார். "பைப்புதானே? நாளைக்கு நான் வந்து பாய்ட்ட பேசறேன்."

சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன்.

14 ஆகஸ்ட், புதன்

இன்பராஜ்தான் பேசினார், கொஞ்சம் சத்தமாகவே. கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

சத்தார் பாய் பைப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் மடிப்பில் நான் எட்டித் தேய்க்காத இடம் ஒன்று இருந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். ஆம்பூர், குடியாத்தம் பக்கம் அந்த வாசனை தெரியாதவர் யார்? என்னை ஒரு தடவை பார்த்தார்.

"மாத்திக் குடுத்துடறேன் சார். நம்ம கடைப் பொருளு, நம்ம பொறுப்பு."

இன்னொரு பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். இன்பராஜ் கையில் இல்லை. என் கையில். "உள்ள தாள் இருக்கும் தங்கச்சி, படிச்சுக்குங்க."

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

சுதந்திர தின லீவு. தாளை இரண்டு முறை படித்தேன். ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, விளிம்பைத் தாண்டும் வரை இரண்டு கட்டை விரலாலும் தள்ளினேன். 'பொளக்' என்று உட்கார்ந்தது. கிளாம்ப் அதற்குப் பின்னால். டிக். சுற்றவில்லை.

தனியாக ஆம்பூர் போய்த் திரும்பினேன். பிறகு இன்னொரு தடவை. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் வைத்த இடத்தில்.

16 ஆகஸ்ட், வெள்ளி

வேலை முடிந்து தனகோடி அம்மாள் வீட்டுக்குப் போனேன். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"பைப்ப மாத்திட்டியா?"

"மாத்திட்டேம்மா."

"வா, நானே பாக்கறேன்." வெற்றிலைப் பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆம்பூர் ஃபேக்டரி கேட் வரை போய்த் திரும்பினோம். நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். "வண்டி நல்லாத்தான் கீது. சீட்டுதான் சுடுது." இறங்கும்போது என் தோளைத் தட்டினார். "அந்தாளு ஏமாத்துனதுக்கு நீ இன்னா பண்ணுவ? நாளையிலருந்து அனுப்பறேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பாக்யா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

நான் மாட்டியது தப்பு என்று அங்கே சொல்லியிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். அவளுக்காகத்தான் சொல்லவில்லை. அப்படித்தானா? இன்பராஜிடம் ஏன் சொல்லவில்லை? அதில் பாக்யா எங்கே வந்தாள்?

17 ஆகஸ்ட், சனி

மூன்று ஜோடி ரிஜெக்ட். சோல் விட்டுவிட்டது. சிவப்புச் சீட்டில் 'யாரால்' என்ற கட்டத்தில் ஒட்டின பெண்ணின் நம்பரை எழுதினேன். அவள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "ஆமாக்கா, நான்தான் சூடு சரியா பாக்கல" என்றாள். இருபத்திரண்டு வயது.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பாக்யா பாஸ். பத்தாவது ஆள்! சாம்பிள் மாஸ்டர் அவள் தையலை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். திரும்பி வரும்போது வேனில் ஒரே கூத்து. "இனிமே எங்களாண்ட பேசுவியாடி, சாம்பிள் மேடம்?" என்று சுந்தரி அவளை விடவே இல்லை.

வாசலில் தனகோடி அம்மாள் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார். என் கையில் இரண்டு பங்கு. அப்போதுதான் சொன்னார்: "தெருவுல வண்டி வெச்சிருக்கறவங்க அத்தனை பேராண்டயும் சொல்லிட்டேன், அந்தக் கடைக்குப் போவாதீங்கன்னு. என் மச்சினர் லோடு ஆட்டோவுக்குப் பத்து வருஷமா அங்கதான் வாங்கினு இருந்தாரு. நிறுத்திட்டாரு."

கேசரியை விழுங்கினேன்.

வரும் வழியில் அந்தக் கடையைக் கடந்தேன். பாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடையில் ஆள் இல்லை. என் வேனைப் பார்த்ததும் எப்போதும் போலக் கையைத் தூக்கினார்.

டெஸ்ட் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்துவிட்டது. இனி அடுத்த காரணம் ஒன்று கிடைக்கும், அதற்கடுத்து இன்னொன்று.

நாளைக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். பாக்யா வீட்டை எப்போதும் போலக் கடைசியாக வைத்துக்கொள்வேன். மற்ற ஐந்து பேரும் வேனில் இருப்பார்கள், சுந்தரியும்தான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொல்வேன்: பைப் நல்ல பைப், கெடுத்தது நான், பாய் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோபத்தில் தனகோடி அம்மாள் பாக்யாவை நிறுத்தினால், நாளை மறுநாளும் அதே நேரத்துக்கு அந்த வாசலில் வேனைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அதற்கடுத்த நாளும். அவர் மறுபடி ஏறி உட்கார்ந்து பார்க்கும் வரை.

பக்கத்து அறையில் இன்பராஜ் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.