ஞாயிறு ஏழு முதல் பத்து வரை

16 மார்ச் 2015, திங்கள்

ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் நின்றால் எந்த நேரத்தில் யாருடைய போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்று அமைத்தவன் நான்தான். ஞாயிறு காலை ஏழு முதல் பத்து வரை கூட வேலை செய்யும் ஸ்டெல்லாவின் எண்ணைப் போட்டேன். நான் பர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட். அப்போது அவர் சர்ச்சில் பூசையில் இருப்பார் என்று தெரியும். எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று எட்டரைக்கு சர்வர் நின்றது. கோயிலில் அவர் போனை அணைத்து வைத்திருந்தார். இன்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டினார். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸ்டெல்லாவே வந்து சொன்னார்: “தப்பு என்னுதுதான் சார். இனிமே பசங்கள எழுப்பி இட்டுக்கினு அஞ்சரை மணி பூசைக்கே போயிடறேன்.”

அந்த எச்சரிக்கை நேரத்தை மாற்ற எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

“சரிம்மா” என்றேன்.